தெற்கே பனி பொழிய என்ன வேண்டும்?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பல வருடம் இருந்துவிட்டு அட்லாண்டாவுக்கோ ராலிக்கோ ஷார்லட்டுக்கோ குடிபெயரும் குடும்பங்களுக்கு முதல் குளிர்காலம் பெரிய நிம்மதி. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 95 அங்குலம் பனி கொட்டும். அதைக் காலையும் மாலையும் மண்வெட்டியால் தள்ளி இடுப்பு கடுத்தவர்களுக்குத் தெற்கின் இதமான குளிர் வரப்பிரசாதம்தான். ஆனால் டிசம்பர் பிறந்ததும் பிள்ளைகள் ஜன்னலை எட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கும் ஆசை விடுவதில்லை. அள்ளும் அளவுக்கு வேண்டாம். பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை கிடைக்கும் அளவுக்காவது விழக்கூடாதா?

இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. அட்லாண்டாவில் குளிர்கால இரவுகள் பல உறைநிலைக்குக் கீழே இறங்குகின்றன. ஜனவரியில் மட்டும் 4 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. ஓர் அங்குல மழைநீர் பனியாக விழுந்தால் சுமார் 10 அங்குல உயரத்துக்குக் குவியும் என்பது வானிலையாளர்களின் தோராயக் கணக்கு. அப்படியானால் ஜனவரி மழை முழுவதும் பனியாக விழுந்தால் 40 அங்குலம் சேர வேண்டும். உண்மையில் அந்த நகரில் ஆண்டு முழுவதும் விழுவது சராசரியாக 2 அங்குலம் சொச்சம். குளிரும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. பனி மட்டும் ஏன் இல்லை?

மேகத்தில் பனி, தரையில் மழை

தெற்கில் பெய்யும் குளிர்கால மழையில் பெரும்பகுதி மேகத்தில் பனியாகத்தான் பிறக்கிறது. இதை விளங்கிக்கொள்ள 1922-ஆம் ஆண்டு பிப்ரவரிக்குப் போக வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த வானிலை அறிஞர் டோர் பெர்யரோன் அப்போது நார்வேயின் ஓஸ்லோவுக்கு அருகே ஒரு மலை விடுதியில் தங்கியிருந்தார். ஊசியிலை மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் அவர் உலாவுவது வழக்கம். மூடுபனி சூழ்ந்த நாட்களில் ஒரு வேறுபாடு அவர் கண்ணில் பட்டது. வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மூடுபனி பாதை வரை இறங்கி நின்றது. உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போனபோது பாதை தெளிவாக இருந்தது. மரக்கிளைகளில் படிந்திருந்த பனிப்படிகங்கள் சுற்றியிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டன என்று அவர் ஊகித்தார்.

ஊகம் சரிதான். தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்திருந்தாலும் மேகத்தின் நுண்துளிகள் அப்படி நடப்பதில்லை. தூசி போன்ற பொருத்தமான துகள் ஏதும் கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் அவை நீராகவே மிதக்கும். மைனஸ் 38 டிகிரியை நெருங்கினால்தான் தாமாக உறையும். இதை மீக்குளிர் நீர் எனலாம். இந்தத் துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றினால் நிலைமை தலைகீழாகிறது. துளி ஆவியாகாமல் தாக்குப்பிடிக்கக் காற்றில் எவ்வளவு நீராவி வேண்டுமோ, அதைவிடக் குறைவான நீராவியிலேயே படிகம் வளரும். ஆகவே துளிகள் ஆவியாகிச் சுருங்குகின்றன. படிகம் அந்த ஆவியை வாங்கிப் பெரிதாகிக் கீழே விழுகிறது. ஆல்ஃப்ரட் வேகனர் 1911-இலேயே இந்தத் திசையில் சிந்தித்திருந்தார். பின்னர் வால்டர் ஃபிண்டைசன் இதை மேலும் வளர்த்தார். மூவர் பெயராலும் இன்று அறியப்படும் இந்த நிகழ்வுதான் குளிர்நாட்டு மழைக்கும் பனிக்கும் பொதுவான தொடக்கம்.

படிகத்தின் வடிவத்தையும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிசிரோ நகாயா 1936-இல் ஆய்வுக்கூடத்தில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். பிறகு வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி அவர் ஒரு வரைபடமே தயாரித்தார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசிகள். மைனஸ் 15-ஐ ஒட்டி ஆறு கிளை விரித்த நட்சத்திரங்கள். அட்லாண்டா நகருக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில், ஜனவரி மழைமேகத்துக்குள், அதே நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியென்றால் கேள்வி மாறுகிறது. பனி உருவாகிறதா என்பதல்ல, கீழே வந்து சேரும் வரை தாங்குகிறதா என்பதே கேள்வி. உறைநிலைக்கு மேற்பட்ட காற்றில் சில நூறு மீட்டர் விழுந்தாலே பனிச்செதில் முழுதாக உருகிவிடும். அட்லாண்டாவின் வழக்கமான ஜனவரி மழைநாளில் அந்த வெதுவெதுப்பான அடுக்கு பெரும்பாலும் அதைவிடத் தடிமனாக இருக்கும்.

குளிர் வரும்போது ஈரம் இல்லை

நியூ ஆர்லியன்ஸ் நகரம் 30 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டெல்லிக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிக்குள்தான். டெக்சஸின் தென்முனையில் உள்ள பிரவுன்ஸ்வில் ஏறத்தாழ பாட்னாவின் அட்சரேகை. ஆனாலும் 2004 கிறிஸ்துமஸ் அன்று பிரவுன்ஸ்வில்லில் ஒன்றரை அங்குலம் பனி விழுந்தது. அதற்கு முன் அங்கே அளக்கும்படி விழுந்தது 1895-இல். 1977 ஜனவரி 19 அன்று மயாமியிலேயே பனித்துகள்கள் பறந்தன. டெல்லிக்கோ பாட்னாவுக்கோ வாய்க்காதது இந்த ஊர்களுக்கு எப்படி வாய்த்தது?

விடை மலைகளில் இருக்கிறது. மத்திய ஆசியாவின் கடுங்குளிர் காற்று இந்தியாவுக்குள் இறங்காமல் கிழக்கு மேற்காகக் கிடக்கும் இமயமலை தடுக்கிறது. வட அமெரிக்காவின் பெருமலைகளான ராக்கியும் அப்பலாச்சியனும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை சமவெளி திறந்து கிடக்கிறது. ஆர்க்டிக் காற்று இரண்டொரு நாளில் வளைகுடாக் கரையைத் தொட்டுவிடும். 1899 பிப்ரவரியில் அப்படி இறங்கிய குளிரில் ஃபுளோரிடாவின் டலஹாசியில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்குப் போனது.

ஆக, குளிர் வருகிறது. ஆனால் வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்று வறண்டது, கனமானது. கீழே படிந்து பரவும்; மேகம் கட்ட விடாது. அது வந்தபின் வானம் நீலமாகத் தெளிந்துவிடும். மழைக்கு வேண்டிய ஈரமோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்றோடு வர வேண்டும். அந்தக் காற்று தன்னோடு வெப்பத்தையும் கொண்டுவரும். பெரும்பாலான குளிர்கால மழை இவ்விரண்டு காற்றும் மோதும் எல்லைக்கு முன்னால், வெப்பமான பக்கத்தில் பெய்து தீர்ந்துவிடுகிறது. பிறகுதான் குளிர் வந்து சேர்கிறது. ஈரத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் குளிர் என்று தென்மாநில வானிலையாளர்கள் இதைச் சொல்வார்கள். அந்த ஓட்டத்தில் குளிர் ஜெயிப்பது அபூர்வம். "மழை பின்னர் பனியாக மாறக்கூடும்" என்ற முன்னறிவிப்பு தெற்கில் அடிக்கடி பொய்த்துப்போவது இதனால்தான்.

ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி புரிந்திருக்கும். அது உறைபனி. மேலிருந்து விழுவதல்ல, தெளிந்த வானத்தின் கீழ் தரை இரவெல்லாம் வெப்பத்தை இழக்க, அதை ஒட்டிய காற்றின் ஈரம் புல்லின் மேலேயே படிகமாவது. மேகம் மூடினால் அந்த இரவில் தரை அவ்வளவு குளிராது. மேகம் இருக்கும் நாளில் குளிர் போதாமலும் குளிரும் நாளில் மேகம் இல்லாமலும் போவதால் ஊட்டியில் உறைபனி உண்டு, பனிப்பொழிவு இல்லை.

இரண்டும் சேரும் வழி

தெற்கின் பெரிய பனிப்பொழிவுகள் அனைத்திலும் அநேகமாக ஒரே வரிசை தெரிகிறது. முதலில் குளிர் வந்து தரையோடு நிலைகொள்ள வேண்டும். அதன்பின் வளைகுடாவில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகிக் கரையை ஒட்டிக் கிழக்கே நகர வேண்டும். அப்போது ஈரம் உயரத்தில் குளிர்ந்த காற்றின் மேலேறி வரும். கீழே குளிர் கலையாமல் இருக்கும்.

2025 ஜனவரி 21 அன்று நடந்தது இதுதான். ஆர்க்டிக் காற்று முன்கூட்டியே கடற்கரை வரை பரவியிருந்தது. வளைகுடாத் தாழ்வழுத்தம் அதன் ஓரமாக நகர்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம், அலபாமாவின் மொபீல் நகரில் 7.5 அங்குலம், ஃபுளோரிடாவின் மில்டனில் 9.8 அங்குலம். ஃபுளோரிடாவின் முந்தைய சாதனை 1954-இல் அதே மில்டனில் பதிவான 4 அங்குலம்தான். லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. 1973 பிப்ரவரியில் ஜார்ஜியாவின் மேகன் நகரை 16.5 அங்குலப் பனியில் மூழ்கடித்ததும் இதே வகைப் புயல்.

தாழ்வழுத்தத்தின் பாதை நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளினால் வெப்பக் காற்று உள்ளே புகுந்து எல்லாம் மழையாகிவிடும். தெற்கே தள்ளினால் ஈரமே எட்டாது.

கிழக்குக் கரையில் உள்ள ராலி, ஷார்லட் போன்ற ஊர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நியூ இங்கிலாந்துப் பக்கம் வலுவான உயரழுத்தம் அமையும்போது குளிர்காற்று தெற்கு நோக்கி வழிந்து, அப்பலாச்சியன் மலையைத் தாண்ட முடியாமல் அதன் கிழக்குச் சரிவில் தேங்கும். இதைக் குளிர்காற்றுத் தேக்கம் எனலாம். இந்தத் தேக்கம் சில நூறு மீட்டர் ஆழமே இருக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான ஈரக்காற்று பாய்ந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் பனிக்கு ஏங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். மேகத்திலிருந்து விழும் செதில் நடுவிலுள்ள வெப்ப அடுக்கில் உருகிவிடுகிறது. கீழேயுள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் அந்தத் துளி மீண்டும் உறைந்து சிறு பனிக்குறுணையாகக் கூரையில் சடசடவென்று விழும். குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால் துளி உறைய நேரமில்லாமல் மீக்குளிர் நீராகவே வந்து, மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்ட கணத்தில் கண்ணாடிபோல் இறுகும். இது உறைமழை. 2002 டிசம்பர் முதல் வாரத்தில் வட, தென் கரோலினாக்களைத் தாக்கிய உறைமழையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. வானத்தில் ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள காற்று இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தால் பிள்ளைகள் விளையாடும் பனியாக விழுந்திருக்கக்கூடிய நீர் அது.

மண்பானை சொல்லும் கணக்கு

வெளியே வெப்பமானி 4 டிகிரி காட்டுகிறது. பனிக்கு வாய்ப்பே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் தெற்கின் பல பனிநாட்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பது ஏன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்தும் உள்ளேயிருக்கும் நீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று வறண்டிருந்தால் பானை நன்றாகக் குளிரும். புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது. வறண்ட காற்றின் ஊடே பனிச்செதில் விழும்போது நடப்பதும் இதுவே. செதிலின் ஒரு பகுதி ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. முதலில் விழுபவை தம்மை இழந்து பாதையைக் குளிர்விக்க, பின்னால் வருபவை உருகாமல் தரையைத் தொடுகின்றன.

இந்தக் குளிர்ச்சி எதுவரை போகும் என்பதை அளக்க எளிய கருவி இருக்கிறது. ஒரு வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 4 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு பூஜ்யத்துக்குச் சற்றே கீழே வந்துவிடும். அப்போது பனி சாத்தியம். அதே 4 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதமாக இருந்தால் மழைதான்.

இன்னொரு குளிர்ச்சியும் உண்டு. ஒரு கிராம் பனி உருகச் சுற்றுப்புறத்திலிருந்து 80 கலோரி வெப்பத்தை எடுக்கிறது. அடர்த்தியாகப் பனி விழுந்து உருகிக்கொண்டே இருந்தால் வெப்ப அடுக்கே மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கும். அதனால்தான் தூறலாக இருக்கும்போது மழையாக விழுவது, வலுக்கும்போது பெரிய பெரிய செதில்களாக மாறுவதுண்டு. உறையும்போது இதே 80 கலோரி திரும்ப வெளிவரும். உறைமழை பெய்யப் பெய்யத் தரையருகே வெப்பம் ஏறுவதும், வடக்கிலிருந்து புதிய குளிர்காற்று வந்துகொண்டே இராவிட்டால் உறைமழை வெறும் மழையாகத் தணிவதும் இதனால்தான்.

எப்படித் தெரிகிறது?

தரையில் நின்று பார்ப்பவருக்குத் தலைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் என்ன வெப்பநிலை என்று தெரியாது. அதற்காக உலகெங்கும் தினமும் இரண்டு முறை, ஒரே நேரத்தில், வானிலைப் பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. பலூனில் கட்டிய சிறு கருவி மேலே போகப் போக வெப்பநிலை, ஈரம், அழுத்தம் ஆகியவற்றை ரேடியோ வழியே அனுப்புகிறது. அந்த வெப்பநிலைகளை உயரத்துக்கு ஏற்பக் கோடாக வரையும்போது நடுவே ஒரு சிறு வீக்கம் பூஜ்யத்தைத் தாண்டி வெளியே தெரிந்தால் அதுதான் வெப்ப அடுக்கு.

பழைய வானிலை வரைபடங்களில் 5,400 மீட்டர் என்று ஒரு கோடு வரைவார்கள். குளிர்ந்த காற்று சுருங்கும் என்பதால், குறிப்பிட்ட இரண்டு அழுத்த மட்டங்களுக்கு இடைப்பட்ட காற்றுப் பகுதியின் தடிமன் அதன் சராசரி வெப்பநிலையைச் சொல்லிவிடும். தடிமன் 5,400 மீட்டருக்குக் கீழே இருந்தால் பனி, மேலே இருந்தால் மழை என்பது பொது விதி. தெற்கில் இந்த விதி பலமுறை ஏமாற்றியிருக்கிறது. சராசரி குளிராக இருந்தாலும், நடுவில் ஒளிந்திருக்கும் மெல்லிய வெப்ப அடுக்கை அது காட்டிக்கொடுக்காது.

இரண்டு பலூன்களுக்கு இடைப்பட்ட 12 மணி நேரத்தில் ரேடார் கைகொடுக்கிறது. அமெரிக்க வானிலை ரேடார்கள் 2013-க்குள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இருவகை அலைகளை அனுப்பும்படி மேம்படுத்தப்பட்டன. தட்டையான மழைத்துளி, உருகும் செதில், பனிக்குறுணை ஆகியவை இவ்விரண்டு அலைகளையும் வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்புவதால் எந்த உயரத்தில் உருகல் நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இருந்தும் ரேடார் கதிர் தொலைவு போகப் போகத் தரையை விட்டு உயர்ந்துவிடும். கடைசிச் சில நூறு மீட்டர் அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை மனிதக் கண்கள் நிரப்புகின்றன. எம்பிங் என்ற கைபேசிச் செயலியில் எவரும் தம் வாசலில் விழுவது மழையா, குறுணையா, பனியா என்று தட்டிவிடலாம். 2012 முதல் இந்தத் தகவல்கள் ஆய்வுக்கும் முன்னறிவிப்புக்கும் பயன்படுகின்றன.

இத்தனை இருந்தும் தவறுகள் நேரும். 2000 ஜனவரி 24, 25 தேதிகளில் ராலி விமான நிலையத்தில் 20.3 அங்குலம் பனி குவிந்தது. புயல் கடலோடு போய்விடும் என்றுதான் கணினிக் கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. பின்னர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிழையின் வேரைத் தேடினார்கள். புயலின் தொடக்கத்தில் தென்கிழக்கில் பெய்த மழையைக் கணினிகள் சரியாகப் பிடிக்கவில்லை. நீராவி மழையாகும்போது வெளிவரும் வெப்பம் காற்றோட்டத்தை மாற்றி, கடலின் ஈரத்தை நிலத்தை நோக்கி இழுத்திருந்தது. முதல் மழையைத் தவறவிட்டதால் மறுநாள் பனியும் தவறிப்போனது.

ராலியின் ஆண்டுச் சராசரி சுமார் 5 அங்குலம். அந்த ஒரே புயலில் நான்கு ஆண்டுப் பனி விழுந்துவிட்டது. தெற்கில் சராசரி என்ற எண்ணை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஒன்றுமே விழாத வருடங்களும் எப்போதோ ஒரு பெரும்புயலும் சேர்ந்தே அந்த எண் உருவாகிறது. 2018-க்குப் பிறகு ஒரே முறையில் ஓர் அங்குலத்தைத் தாண்டிய பனிக்காக அட்லாண்டா 2025 ஜனவரி வரை ஏறத்தாழ ஏழு வருடம் காத்திருந்தது. பூஜ்யத்தை ஒட்டியே பனி விழும் இடங்களில் ஒரு டிகிரி வெப்பம் கூடினாலும் இழப்பு பெரிது. புவி வெப்பமாதல் தெற்கின் பனியை முதலில் தொடுவது இதனால்தான்.

ஆசைப்படலாம், தயாராகவும் இருக்கலாம்

பனி அறிவிப்பு வந்ததும் தென்மாநிலக் கடைகளில் பாலும் ரொட்டியும் காணாமல்போவதை வடக்கிலிருந்து வந்தவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் 2014 ஜனவரி 28 அன்று மூன்று அங்குலத்துக்கும் குறைவான பனியில் அட்லாண்டா நகரமே உறைந்து நின்றது. பள்ளிகளும் அலுவலகங்களும் நடுப்பகலில் ஒரே நேரத்தில் கலைந்தன. டயர்களின் அழுத்தத்திலும் சூட்டிலும் உருகிய பனி மீண்டும் பளிங்குபோல் உறைந்தது. நெடுஞ்சாலைகளில் கார்கள் இரவெல்லாம் நின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள். உலர்ந்த பொடியாக விழும் வடக்குப் பனியைவிட, உருகியும் உறைந்தும் சாலையோடு ஒட்டிக்கொள்ளும் தெற்குப் பனி ஓட்டுநர்களுக்கு ஆபத்தானது. வடக்கில் பத்து வருடம் வண்டி ஓட்டிய அனுபவம் வெறும் பனிக்கட்டியின் மேல் உதவாது.

எனவே தெற்குக்குக் குடிபெயர்ந்து பனிக்குக் காத்திருப்பவர்கள் வெப்பமானியை மட்டும் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். வளைகுடாவில் தாழ்வழுத்தம் உருவாவதற்கு முன்பே குளிர் வந்துவிட்டதா, ஈரக்குமிழ் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குமா, மேலே வெப்ப அடுக்கு இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றும் கூடிவந்தால் காத்திருக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் மலையேறுவது நல்லது. கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். 1993 மார்ச் புயலில் வட கரோலினாவின் 2,037 மீட்டர் உயர மிச்செல் மலையில் 50 அங்குலம் பனி விழுந்தது. ஷார்லட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய பீச் மவுண்டனில் பனிச்சறுக்குத் தளமே இருக்கிறது. வானம் தராத நாட்களில் அங்கே இயந்திரங்கள் நீரைத் தூவிப் பனியாக்குகின்றன. அவற்றை எந்த இரவில் ஓட்டலாம் என்று தீர்மானிக்க அங்குள்ளவர்கள் முதலில் பார்ப்பதும் ஈரக்குமிழ் வெப்பநிலையைத்தான். பொதுவாக அது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும்.